கல்முனையில் இருந்துகொண்டு கோல்ப் ஆட்டத்தில் 100க்குக் கீழே வரலாமா?

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 38, வங்கி வேலை, பாடசாலைக் காலத்தில் கிரிக்கெட் ஆடியவர். கட்டாரிலிருந்து வந்த மச்சான் ஏழு கிளப் (கோல்ப் மட்டை) கொண்ட பாதிச் செட் ஒன்றை இவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வருடத்தில் ஐந்து முறை திருகோணமலை சீனன்குடா மைதானத்துக்குப் போய் ஆடியும் பதினெட்டுக் குழிக்கு 118 அடிக்குக் கீழே இறங்கவில்லையாம். டிரைவரால், அதாவது கூடிய தூரம் அடிக்கிற பெரிய தலைக் கிளப்பால், அடித்தால் பந்து வலப்பக்கமாக வளைந்து பற்றைக்குள் போய்விடுகிறது. புது டிரைவர் வாங்கினால் சரிவருமா என்பதுதான் அவர் கேட்டது. ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விசயம் இருக்கிறது: "கிட்டடியில் மைதானமே இல்லாத எனக்கு இது சரிப்படுமா, இல்லாவிட்டால் செட்டை விற்றுவிடவா?" டிரைவருக்கு ஒரு சொல் போதும்: வாங்காதீர்கள். மற்றக் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

நான் கல்லடிக்காரன். வளைகுடா நாடொன்றில் பதினாறு வருடம் ஒரு கோல்ப் மைதானத்தில் வேலை செய்தேன். முதலில் பந்து பொறுக்கினேன், அப்புறம் கேடியாக ஆட்டக்காரரின் பை தூக்கினேன், கடைசி ஆறு வருடம் பயிற்சித் திடலில் பயிற்றுநருக்கு உதவியாளாக நின்றேன். சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த அனுபவம்தான் இருக்கிறது. உங்கள் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொன்ன நான் முதன்முதலாக முழு ஆட்டம் ஆடியபோது எடுத்தது 121. ஒன்பது பந்து தொலைந்தது. அடுத்த சம்பளத்தில் ஆசையாக ஒரு டிரைவர் வாங்கினேன். முன்பு வலப்பக்கம் தொலைந்த பந்து, அதற்குப் பிறகு இன்னும் இருபது யார்டு தூரம் போய்த் தொலைந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இதைச் சரியாகப் பார்த்தவர் குறைவு. பார் என்பது நல்ல ஆட்டக்காரருக்குக் கணக்கிட்ட அடி எண்ணிக்கை. பார் 72 உள்ள மைதானத்தில் 99 எடுக்க ஒன்பது குழியில் போகி (பாரைவிட ஓர் அடி கூட), ஒன்பது குழியில் டபுள் போகி (இரண்டு அடி கூட) போதும். ஒரு குழியில்கூட பார் எடுக்கத் தேவையில்லை. 380 யார்டு நீளமான பார் 4 குழி ஒன்றை எடுங்கள். ஏழாம் இலக்க அயனால் (இரும்புத் தலைக் கிளப்) 140 யார்டு அடிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அடியில் 280. மிச்சம் 100 யார்டு. மூன்றாவது அடி கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்கு, பிறகு குழியை நோக்கி உருட்டும் அடி, அதாவது பட், இரண்டு. மொத்தம் ஐந்து, அதாவது போகி. டிரைவரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லா அடியும் இப்படி நேராகப் போகாது, எனக்கும் தெரியும். அதற்குத்தான் ஒன்பது டபுள் போகி கையில் இருக்கிறது. இனி உங்கள் பழைய வழியைப் பாருங்கள். டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, அடித்த பந்து பற்றைக்குள் தொலைந்தால் ஒரு தண்டனை அடி, திரும்ப டீக்கே வந்து அடிப்பது மூன்றாவது அடி. ஓர் ஆட்டத்தில் ஐந்து முறை இப்படி நடந்தால் பத்து அடி காற்றோடு போய்விட்டது. உங்கள் 118இல் பெரும்பகுதி இப்படித்தான் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். அடுத்த முறை ஒரு சின்னத் தாளில் ஒவ்வொரு குழிக்கும் தொலைந்த பந்து எத்தனை, தரையோடு உருண்ட அடி எத்தனை, பட் எத்தனை என்று மட்டும் குறித்துப் பாருங்கள். ஊகம் சரியா பிழையா என்று தெரிந்துவிடும்.

அந்த வலப்பக்க வளைவுக்கு ஸ்லைஸ் என்று பெயர். அதைப் பற்றிச் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை சில உண்டு. பந்து கிளப்பின் முகத்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்குதான். அந்த நேரத்தில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கமே கிளம்பும். டிரைவர் என்றால் கிளம்பும் திசையில் 85 வீதமளவு முகத்தின் பொறுப்பு, அயன் என்றால் 75 வீதமளவு. மிச்சம்தான் கிளப் வந்த பாதையின் பங்கு. பாதையும் முகமும் வெவ்வேறு பக்கம் பார்த்தால் பந்து வளையும். பழைய காலத்தில் இதைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பாதைதான் பந்தைக் கிளப்புகிறது என்றார்கள். ராடர் கருவிகள் வந்த பிறகுதான் அந்தப் பிழை வெளிச்சத்துக்கு வந்தது. இதில் உங்களுக்குப் பயன்படுவது ஒன்றுண்டு. பந்து வலப்பக்கம் போகிறதே என்று பயந்து எல்லோரும் உடம்பை இடப்பக்கம் திருப்பி நிற்பார்கள். பாதை இன்னும் இடப்பக்கம் போகும், முகமோ திறந்தபடியே வரும், வளைவு முன்பைவிட மோசமாகும். ஆகவே நிலையை மாற்றுவதற்கு முன் பிடியைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் என்றால், குனிந்து பார்க்கும்போது இடக்கையின் விரல் மொழிகள் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும். கிரிக்கெட் ஆடியவர்கள் மட்டையின் முகத்தை நேராகக் காட்டிப் பழகியவர்கள், ஒரு மொழிதான் தெரியும்படி பிடிப்பார்கள். பிடியை மாற்றியதும் முதல் இரண்டு வாரம் கை உங்களுடையது போலவே இராது. பொறுத்துக்கொள்ளுங்கள். முகம் எவ்வளவு சாய்வாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகப் பந்து வளையும் என்பதும் உறுதி. டீயில் ஏழாம் இலக்க அயனை எடுக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மைதானம் இல்லாமல் எங்கே பழகுவது? கடற்கரையில். இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அயன் அடியில் எல்லாவற்றுக்கும் அடிப்படையானது கிளப் தரையைத் தொடும் இடம். பந்தைத் தொட்ட பிறகுதான் தரையைத் தொட வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரரின் கிளப் பந்துக்கு நாலு விரல் முன்னால், அதாவது இலக்குப் பக்கமாகத்தான், வீச்சின் அடிப்பகுதிக்கு இறங்குகிறது. பழகாதவருக்கு அது பந்துக்குப் பின்னாலேயே இறங்கிவிடும். அதனால்தான் ஒரு முறை மண்ணைக் கிளப்பிப் பந்து பத்து யார்டு நகர்கிறது, மறுமுறை பந்தின் தலையில் பட்டுத் தரையோடு உருள்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். பயிற்சித் திடலில் போடும் செயற்கைப் புல் விரிப்பு இந்தப் பிழையை மறைத்துவிடும், ஏனென்றால் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். மணல் எதையும் மறைக்காது.

செய்ய வேண்டியது இதுதான். காலையில் அலை வந்து திரும்பிய ஈர மணலில், அழுத்தமாக இருக்கும் பட்டையில் நில்லுங்கள். இலக்குத் திசைக்குக் குறுக்காகக் குதிகாலால் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு இரண்டு காலுக்கும் நடுவில் வரட்டும். பந்து வேண்டாம். பழைய எட்டாம் அல்லது ஒன்பதாம் இலக்க அயனை எடுத்து, கை இடுப்பு உயரத்துக்கு வரும் அரை வீச்சு மட்டும் வீசுங்கள். பிறகு மணலைப் பாருங்கள். தழும்பு கோட்டிலோ அதற்கு முன்னாலோ தொடங்கியிருந்தால் சரி. பின்னால் தொடங்கியிருந்தால் உங்கள் பாரம் வலக்காலிலேயே தங்கிவிட்டது. பத்து முறை வீசி எத்தனை சரி என்று எண்ணுங்கள். தொடக்கத்தில் இரண்டு மூன்று வந்தாலே பெரிது. தழும்பு மெல்லியதாக, உள்ளங்கை அகலத்தில் சுரண்டி எடுத்தது போல இருக்க வேண்டும். கிணறு வெட்டினது போல் குழி விழுந்தால் மணிக்கட்டு நோகும், அதனால் மெதுவாகத் தொடங்குங்கள். நான் கல்லடியில் இதைத் தொடங்கிய நாட்களில் கரைவலை இழுக்க வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன மனே, காசு கீசு புதைச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டார். விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. கார்த்திகை, மார்கழியில் கடல் கரையைத் தின்னும் காலம், அப்போது இது சரிவராது. மாசிக்குப் பிறகு புரட்டாதி வரைக்கும் நல்ல இடம் கிடைக்கும்.

உடம்பு எப்படித் திரும்ப வேண்டும் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்துக்காரருக்கு அதைவிட நல்ல பாடம் வாவியில் இருக்கிறது. வீச்சுவலை வீசுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, முதலில் இடுப்புக் கிறுகும். பிறகு தோள். கை கடைசியில்தான் வரும். வலை கையால் விரிவதில்லை, உடம்பு கிறுகியதால் விரிகிறது. கையால் மட்டும் எறிந்தால் வலை கட்டியாக விழும், மீன் எல்லாம் சிரித்துக்கொண்டு போகும். கோல்ப் வீச்சும் இதே ஒழுங்குதான்: இறங்கும்போது முதலில் இடக்கால் பாரத்தை வாங்குகிறது, இடுப்புக் கிறுகுகிறது, கை பின்னால் வருகிறது. ஸ்லைஸ் அடிக்கிறவர்களில் நான் பார்த்த பெரும்பாலானோர் தோளாலும் கையாலும் தொடங்குகிறவர்கள். இடுப்பிலோ முழங்காலிலோ பழைய வலி இருந்தால் இதை வலிந்து செய்ய வேண்டாம், வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டிங் பழகுவதற்கு வீடே போதும். சிமெந்துத் தரையில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் பாய் ஒன்றை விரியுங்கள். குழியின் விட்டம் 4.25 அங்குலம். தேங்காய்ச் சிரட்டையின் வாய் ஏறக்குறைய அதே அளவு. சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, மூன்றடி தூரத்திலிருந்து பத்துப் பந்து உருட்டுங்கள். சிரட்டையின் நடுவில் பட்டால் மட்டும் கணக்கு. ஓரத்தில் பட்டு நழுவியது கணக்கில் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். நீளமான பட்டில் திசையைவிட வேகம் முக்கியம், அதைப் பாயில் பழக முடியாது, மைதானத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய்ப் பழகும் கிரீனில்தான் பிடிக்க வேண்டும். மனதைத் தேற்றிக்கொள்ள ஒன்று: அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடுகிறவர்களே எட்டடி தூரப் பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். எட்டடியில் தவறவிட்டுவிட்டு பட்டரைத் தரையில் எறிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத இடங்கள். "பட்டிங்கும் கிட்ட அடியும் பழகினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்" என்று கழகத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பல வருடம் சொன்னேன். ஆனால் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி ஏராளமான ஆட்டங்களின் ஒவ்வோர் அடியையும் அளந்து பார்த்தபோது, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்களவு 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் இருந்தது. ஆகவே பட்டிங் மட்டும் பழகி 118 இலிருந்து 99க்கு வந்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். பட்டிங்கைச் சொல்வது, வீட்டில் செலவில்லாமல் செய்யக்கூடியது என்பதால்தான். பெரிய மிச்சம், தொலையும் பந்தையும் தரையோடு உருளும் அடியையும் குறைப்பதில் இருக்கிறது. விலை கூடிய பந்து வாங்கலாமா என்றும் கேட்பீர்கள். உங்கள் நிலையில் அதனால் வரும் வித்தியாசத்தை உங்களால் உணர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கழுவிய பழைய பந்தே நல்லது, தொலைந்தாலும் நெஞ்சு எரியாது. யூடியூப் பாடங்கள் சிலருக்கு உதவுகின்றன, பலரைக் குழப்புகின்றன. ஒரே கிழமையில் நான்கு பேரின் பாடத்தைக் கலந்து குடித்தவர்களைத் திருத்துவதுதான் திடலில் எங்களுக்குப் பெரிய வேலை. ஒருவரைத் தெரிந்தெடுத்து ஒரு மாதம் மற்றவர்களைப் பாராமல் இருந்தால் ஏதாவது தேறும்.

மைதானத்துக்குப் போவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மட்டக்களப்பிலிருந்து சீனன்குடா ஏறக்குறைய 130 கிலோமீற்றர், கல்முனையிலிருந்து இன்னும் கூட. விமானப்படை நடத்தும் மைதானம் என்பதால் முன்கூட்டியே அழைத்து நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். கண்டிக்கு மகியங்கனை வழியாகப் போகிறவர் என்றால், பதினெட்டு வளைவும் ஏறி முடித்த பிறகு திகனயில் விக்டோரியா மைதானம் இருக்கிறது. குடும்பத்தோடு கண்டிப் பயணம் வைக்கும்போது ஒரு காலையை அதற்கு ஒதுக்கலாம், வீட்டிலும் சண்டை வராது. நுவரெலியா மைதானம் 6000 அடிக்கு மேலே இருப்பதால் காற்று மெல்லியது, பந்து ஏழு முதல் பத்து வீதம் வரை தூரம் கூடப் போகும். அங்கே அடித்த தூரத்தை நம்பி சீனன்குடாவில் கிளப் எடுத்தால் குறைந்துவிடும். ஈரப்பதன் கூடினால் காற்றுக் கனத்துப் பந்து நின்றுவிடும் என்று நம்புகிறார்கள், உண்மையில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் இலேசானது, வித்தியாசம் கவனிக்கத்தக்கதும் இல்லை. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஆடினால் எதிர்க்காற்றுக்கு ஓர் இலக்கம் குறைந்த, தூரம் கூடப் போகும் கிளப் எடுத்து மெதுவாக வீசுங்கள். பலமாக அடித்தால் சுழற்சி கூடி பந்து மேலே எழும்பி அங்கேயே நின்றுவிடும். காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள், தண்ணீரோடு ஒரு பைக்கற்று ஜீவனி உப்புத் தூளும் பையில் இருக்கட்டும். பதினான்காவது குழியில் ஆட்டம் கெடுவதற்கு வீச்சைக் குற்றம் சொல்வார்கள், பாதிப் பேருக்கு அது தாகம்.

அனுபவித்து ஆடுவது எப்படி என்று நீங்கள் நேரே கேட்கவில்லை, ஆனாலும் செட்டை விற்கும் யோசனை அதனால்தான் வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் 72ஐ நினைத்துக்கொண்டு ஆடினால் பதினெட்டுக் குழியும் தோல்விதான். இங்கிலாந்தில் பிராங்க் ஸ்டேபிள்போர்ட் என்ற ஒரு வைத்தியர் இதற்குத்தான் 1930களில் புள்ளி முறை ஒன்றைப் பரப்பினார். உலக ஹான்டிகப் (சலுகை அடிக் கணக்கு) முறையில் ஒருவர் எடுக்கக்கூடிய உச்சம் 54, அதாவது குழிக்கு மூன்று அடி சலுகை. பார் 4 குழியில் உங்கள் சொந்தப் பார் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழில் முடித்தால் இரண்டு புள்ளி, ஆறில் மூன்று, எட்டில் ஒன்று. ஒன்பதாகிவிட்டால் புள்ளி இல்லை, பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு குழியில் பன்னிரண்டு அடித்து முகம் சிவக்கத் தேவையில்லை, பின்னால் வருகிறவர்களும் காத்திருக்க மாட்டார்கள். மொத்தம் 36 புள்ளி வந்தால் உங்கள் ஹான்டிகப்புக்கு ஏற்றபடி ஆடியிருக்கிறீர்கள். அதிகாரபூர்வ ஹான்டிகப்புக்குக் கழகம் ஒன்றில் சேர வேண்டும், ஆனால் மச்சானோடு ஆட இந்தக் கணக்கே போதும். பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான் அனுமதி, முன்பு ஐந்து. பற்றைக்குள் பாம்பு தேடுவதைவிட அது நல்ல விதி.

ஒரு விசயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். கடற்கரையிலும் வேளாண்மை வெட்டி முடிந்த வட்டையிலும் உண்மையான பந்து அடிக்காதீர்கள். சாதாரண ஆட்டக்காரரின் டிரைவரில் பட்ட பந்து மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் கிளம்பும். கரைவலைக்காரரும் மாடு மேய்க்கிற பிள்ளைகளும் இருக்கிற இடம். துளை போட்ட பிளாஸ்டிக் பந்து இருக்கிறது, இருபது முப்பது யார்டுக்கு மேல் போகாது, அது போதும். அதையும் எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொண்டுவாருங்கள், வாவிக்குள்ளும் கடலுக்குள்ளும் அடித்துவிட்டு வராதீர்கள். வயல் என்றால் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வீடு வந்ததும் கிளப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். உப்பும் மணலும் ஒரு மாதத்தில் அயனைத் துருப்பிடிக்க வைத்துவிடும். ரப்பர்ப் பிடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். அது கண்ணாடி போல் பளபளத்து வழுக்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. டிரைவருக்கு ஒதுக்கிய காசில் ஒரு துண்டை அதற்குச் செலவழிக்கலாம்.

செட்டை விற்க வேண்டாம். மூன்று மாதம் மணலில் பழகிவிட்டு, வீச்சை வீடியோ எடுத்து இங்கே போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இலக்குத் திசையை நோக்கி உங்கள் கைக்கு நேர் பின்னால், கை உயரத்தில் தொலைபேசியை வைத்து ஒன்று, நெஞ்சுக்கு நேர் எதிரே வைத்து ஒன்று. காலையில் எடுப்பதாயிருந்தால் கமரா கடலைப் பார்க்காமல் இருக்கட்டும். சூரியன் அந்தப் பக்கம் என்பதால் வெறும் நிழல்தான் விழும், முகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது.